வாசலில் போட்ட நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

அவள். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்து மூன்று. ஹாலிஎலவில் கார்மெண்ட் வேலை.

அவளுடைய அம்மா. எனக்கு அக்கா முறை. கூடப் பிறந்தவள் இல்லை. அடுத்த காம்பரா. வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே மலையில்தான் கொழுந்து எடுக்கிறோம். அக்காவுக்குப் புருஷன் இல்லை.

தாய்மாமன். அக்காவின் அண்ணன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் தலைவர் அவர்தான்.

மாமன் பெண்சாதி. ஒரு கையில் மஞ்சள், ஒரு கையில் செம்பு.

பூசாரி. நாள் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான். தேத்தண்ணி ஊற்றக் கூப்பிட்டிருந்தார்கள்.

வராதவன் ஒருவன். மாமனின் மகன். பேச்சு அவனைப் பற்றித்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் அவன் அவளைப் பலவந்தம் செய்தான். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். மிச்சத்தை அவள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கம் இதைக் ‘கெடுத்துட்டான்’ என்பார்கள். அந்தப் பேச்சை அவள் யாரையும் பேச விடுவதில்லை. “நான் கெட்டுப்போகல சித்தி. என்கிட்ட கெட்டுப்போக ஒண்ணும் இல்ல” என்பாள்.

மாமன் தேத்தண்ணியை வாங்கினார். குடிக்கவில்லை.

“நடந்தது நடந்துபோச்சு. யாரோ ஊரான் இல்ல. முறைப் பையன். கட்டி வச்சிட்டா ஒருத்தனுக்கும் பேச வாயிருக்காது. பூசாரி நாளச் சொல்லட்டும்.”

எங்களிடம் அத்தை மகளும் மாமன் மகனும் கட்டிக்கொள்ளும் முறை. தொட்டிலில் கிடக்கும்போதே கேலி பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் மாமன் சொன்னதைக் கேட்டு அங்கே யாரும் திடுக்கிடவில்லை. பூசாரி விரலை மடக்கி எண்ணினார்.

“நாள் இருக்கு. ஆனா பொண்ணு சம்மதிக்கணுமே.”

“நீங்க நாளை மட்டும் சொல்லுங்க.”

“நான் கட்டிக்க மாட்டேன் மாமா,” என்றாள் அவள். சத்தம் போடவில்லை. “அதை அப்புறம் பேசுவோம். இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எதுக்கு? கை கால் ஒடஞ்சிருக்கா?”

“மருந்து எடுக்கணும். மூணு நாளுக்குள்ள எடுத்தாத்தான் சரி. நோய் வராம இருக்க ஒரு மருந்து. வயித்துல தங்காம இருக்க ஒண்ணு.”

வேலை செய்யும் இடத்துக்கு ஒருமுறை நர்ஸ் ஒருவர் வந்து பேசியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்தார்களாம். இவள் கேட்டு வைத்திருந்தாள். மூன்று நாளுக்குள் மருந்து. அதுவரை குளிக்கக் கூடாது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்கக் கூடாது. துணியைப் பத்திரிகைத் தாளில் மடித்துப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

மாமன் பெண்சாதி செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எழும்பு புள்ள. தலைக்கு ஊத்திக்கிட்டா எல்லாம் போயிரும்.”

“குளிக்க மாட்டேன் மாமி.”

“ஊரு ஒலகத்துல இல்லாத புள்ளயா இருக்கியே. குளிக்காம எப்படிடி விளக்கேத்துவ?”

“ரெண்டு நாளைக்கு நீங்க ஏத்துங்க.”

எங்களுக்குச் சாவு என்றாலும் தண்ணீர்தான், பிள்ளைப்பேறு என்றாலும் தண்ணீர்தான். எது நடந்தாலும் முதலில் தலைக்கு ஊற்றுவோம். சனிக்கிழமையே அக்கா பெரிய பானையில் தண்ணீர் காய வைத்திருக்கிறாள். மகளைத் தன் கையால் குளிப்பாட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மாவுக்கு வேறு என்ன தெரியும். மகள் வேண்டாம் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். தண்ணீர் காய்ந்து, ஆறி, அடுப்படியில் கிடந்தது. அந்த நேரத்தில் குளித்தால் தேவலை என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியிருக்கும். அவள் குளிக்கவில்லை. எனக்கு அவள் மேல் மதிப்பு வந்தது முதலில் இதனால்தான்.

மாமன் பேச்சை மாற்றினார்.

“ஆஸ்பத்திரின்னா வாசல்லயே போலீஸ் இருக்கு. உன்னை எழுதுவான். அப்புறம் என் மகன் உள்ள போயிருவான்.”

“ஆமாங்க மாமா.”

“என்னா ஆமா?”

“உள்ள போகணும்.”

பூசாரி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “நாளை நான் பொறகு சொல்றேன்” என்று போய்விட்டார். அதன் பிறகு அவர் நாள் சொல்லவே இல்லை.

மாமன் கோயிலிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். திருவிழாவுக்கு வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதை அக்கா வீட்டு வாசற்படியில் போட்டார். உட்கார்ந்தார். காலை நீட்டி எதிர்ப்பக்கக் கதவு நிலையில் வைத்துக்கொண்டார். மாமன் பெண்சாதி பிள்ளையின் போனை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

எங்கள் லயம் பழைய லயம். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரே வாசல். ஜன்னலுக்குக் கம்பி. வாசலில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் வெளியே வர வழி கிடையாது.

தாண்டிப் போயிருக்கலாமே என்று பிறகு பதுளையில் பலர் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குக் காது குத்தியது அந்த மாமன் மடியில். பெரிய பிள்ளையானபோது குச்சுக் கட்டியது அவர். அப்பா செத்த பிறகு பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்ததும் அவர். தாய்மாமன் நீட்டிய காலைத் தாண்டுவது எங்களிடம் இல்லை. குழந்தைகள்கூடச் சுற்றித்தான் போகும். அவர் கையை ஓங்கவில்லை. கத்தவும் இல்லை. கால் நீட்டினார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அது பூட்டைவிடப் பெரிது.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தார். சாப்பாடு அங்கேயே வந்தது. ஆட்கள் வருவார்கள், ‘என்னாங்க தலைவரே’ என்பார்கள், ‘சும்மாதான்’ என்பார். ஆட்டோ ஓட்டும் பையன்களைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையை யாரும் ஏற்றக் கூடாது என்று சொன்னார். நான் என் வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டு கேட்டேன்.

பொழுது சாயும் நேரம். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்திருக்கும். அங்கேயிருந்து குரல் வந்தது.

“சித்தி.”

“சொல்லும்மா.”

“நாளைக்கு எந்த மலை?”

“பிள்ளைக் காம்பராவுக்கு மேல உள்ள மலை.” வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது.

“அந்த மலை உச்சியில இருந்து அடுத்த டிவிஷன் ரோட்டுக்கு எறங்கலாம் இல்ல?”

“எறங்கலாம். செங்குத்து.”

“பரவாயில்ல. உங்ககிட்ட ஒரு படங்கு மிச்சம் இருக்கா சித்தி?”

படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சீலை. பனியும் செடிக் குச்சியும் மேலே படாமல் இருக்க. அவள் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

“இருக்கு,” என்றேன்.

“பெரட்டுக்குப் போறப்ப எல்லாரும் எங்க வாசல் பக்கமா வாங்க. சும்மா நில்லுங்க. ஒண்ணும் பேச வேணாம்.”

“மாமா?”

“மாமாவ நான் பாத்துக்கறேன்.”

இந்த யோசனை எல்லாம் அவளுடையது. அடி வாங்கிய உடம்போடு பாயில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். நான் படங்கை எடுத்து வைத்தது மட்டும்தான்.

திங்கட்கிழமை வெளுக்கும்போது பெண்கள் வந்தார்கள். பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, எங்கள் வாசல் வழியாகப் போக வேண்டியது இல்லை. ஆனாலும் வந்தார்கள். நான் நாலு பேரிடம் சொன்னேன். அவர்கள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள்.

மாமன் இராத்திரி வெளியே பூட்டிய கதவைத் திறந்துவிட்டு நாற்காலியைப் போட்டார். அக்காவை வேலைக்குப் போகச் சொன்னார். அவள் போகாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்று அவருக்கு யோசனை. அக்கா வெளியே வருவதற்குக் காலை மடக்கினார். வந்ததும் நீட்டினார். பெண்களைப் பார்த்தார்.

“என்னா கூட்டம்? இங்க ஏதும் பங்கு போடுறாங்களா?”

“அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தோம் தலைவரே.”

“அதுக்கு ஒரு தோட்டமே வரணுமா?”

பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் அந்தப் பை. வாசற்படியில் நின்றாள்.

“மாமா, கால எடுங்க.”

அவர் அசையவில்லை.

“மாமா, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கால எடுங்க.”

“உள்ள போ.”

அவள் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வலது காலைத் தூக்கி வைத்தாள். பிறகு இடது கால். அவர் கால் மேல் படாமல் தாண்டினாள். வெளியே வந்துவிட்டாள்.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். வேலை நிறுத்தம் பார்த்திருக்கிறேன். மண் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மாமன் முகம் கறுத்துவிட்டது. எல்லோரும் பார்க்க மருமகள் கையைப் பிடித்து இழுக்க அவருக்கு முடியவில்லை. பிறகு சிரித்தார்.

“போ, போ. எந்த ஆட்டோ ஏத்துதுன்னு பாக்கிறேன்.”

எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. உட்கார்ந்தபடியே போனை எடுத்தார்.

அவள் கீழ் ரோட்டுப் பக்கம் நடந்தாள். வளைவு தாண்டி மறைந்ததும் குறுக்குப் பாதையில் ஏறிப் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் வந்துவிட்டாள். நாங்கள் பெரட்டில் முகத்தைக் காட்டிவிட்டு அங்கே போனோம். இரண்டு பேர் அவளுக்குப் படங்கு கட்டினார்கள். ஒருத்தி தலையில் துணி சுற்றினாள். துணிப் பையை ஒரு கொழுந்துச் சாக்கின் அடியில் வைத்து, அந்தச் சாக்கை அவள் முதுகில் மாட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அவள் எங்களில் ஒருத்தி. கொழுந்து எடுக்கும் பெண்களில் யார் யார் என்று ரோட்டிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. அதை அவள் யோசித்து வைத்திருந்தாள்.

நிரை பிடித்து ஏறினோம். கங்காணி குடையோடு மேலே நின்றார். புது ஆளைப் பார்த்தார்.

“யாரு அது?”

“கைக்காசுக்கு வந்திருக்கா,” என்றாள் ஒருத்தி. பெயர் பதியாமல் அன்றன்றைக்குக் காசு வாங்கி எடுப்பதைக் கைக்காசு என்போம்.

கங்காணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்.

“படங்க இறுக்கிக் கட்டச் சொல்லு. மேல வழுக்கும்,” என்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சும்மா நடந்து போக முடியாது. கையை ஆட்டாமல் ஒருத்தி மலையில் போனால் கீழேயிருந்து தெரிந்துவிடும். அதனால் அவளும் எடுத்துக்கொண்டே ஏறினாள். பழக்கம் விட்டுப்போயிருந்தது. முற்றிய இலையைப் பிடுங்கினாள். பக்கத்து நிரைக்காரி விடவில்லை.

“அடியே, அது ஆட்டுக்குப் போடுற எலை. ரெண்டு எலையும் ஒரு மொட்டும். கார்மெண்டுக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டா.”

“பெரியம்மா, இன்னைக்கு விடுங்க.”

“என்னா விடுறது? எங்க சாக்குலதானே வந்து விழுது.”

அவள் சிரித்துவிட்டாள். சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

பாதி மலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமன். ஆட்டோ நிற்கும் சந்திக்கு அவள் வரவில்லை என்று தெரிந்து தேடி வந்திருக்கிறார். கீழ் ரோட்டில் நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

“கங்காணி! அந்தப் புள்ள இந்தப் பக்கம் வந்துச்சா?”

“எந்தப் புள்ள? இங்க இருக்கிறதெல்லாம் கெழவிங்க தலைவரே!”

“யாருய்யா கெழவி?” என்று மேலிருந்து ஒருத்தி கத்தினாள். “உன் பொண்டாட்டியவிட எனக்கு ரெண்டு வயசு கம்மி!”

மலை முழுக்கச் சிரிப்பு. அவள் செடிக்குள் குனிந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை. மாமன் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

உச்சியில் துணிப் பையை எடுத்துக்கொண்டு, படங்கையும் சாக்கையும் கழற்றி மற்றவர்களிடம் கொடுத்தோம். அவள், அக்கா, நான். மூன்று பேரும் அடுத்த டிவிஷன் பக்கம் இறங்கினோம். இறக்கத்தில் அவளுக்கு வலி. சொல்லவில்லை. பல்லைக் கடித்தாள். பெரிய ரோட்டில் பதுளை பஸ் வந்தது. ஏறினோம். ஹாலிஎல வந்ததும் அவளோடு வேலை செய்யும் பிள்ளைகள் இறங்குவதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

பெரியாஸ்பத்திரி வாசலில் இருந்தவர் தமிழில் கேட்டார், என்ன வருத்தம், உடம்புக்கு என்ன என்று. அவளே சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்களை எங்கேயும் வரிசையில் நிற்க வைக்கவில்லை.

டாக்டர் ஒரு சிங்களப் பெண் பிள்ளை. சின்ன வயது. அங்கே வேலை செய்யும் ஒரு முஸ்லிம் அம்மா, டவுன்காரர், தமிழில் சொன்னார்.

“தங்கச்சி, டாக்டர் உங்களப் பாக்கலாமான்னு கேக்குறாங்க. நீங்க சரின்னாத்தான் தொடுவாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்.”

அதைக் கேட்டதும் அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழாதவள். மாமன் காலைத் தாண்டும்போது அழாதவள். அந்த அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

“பாக்கச் சொல்லுங்க,” என்றாள்.

பார்த்தார்கள். துணிப் பையை வாங்கிக்கொண்டார்கள். குளிக்கவில்லை என்று சொன்னபோது டாக்டர் அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். “நல்ல வேல செஞ்சீங்கன்னு சொல்றாங்க” என்றார் முஸ்லிம் அம்மா. மருந்து கொடுத்தார்கள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்கள். எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

பிறகு டாக்டர் கேட்டார். சனிக்கிழமை நடந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை?

“மாமா வாசல்ல உக்காந்துட்டாரு.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

“உக்காந்தாருன்னா? உங்கள விடலயா?” என்று முஸ்லிம் அம்மா வழியாகக் கேட்டார்.

“விடல.”

“ஆஸ்பத்திரிக்குத்தான் போறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். நான்தான் சொன்னேன்.”

பொலிஸ் அம்மா ஒருவரும் வந்து எழுதினார். மகன் செய்தது ஒரு கேஸ், மாமன் செய்தது வேறு கேஸ் என்றார். இப்படிப் பாதிக்கப்பட்டவர் வைத்தியத்துக்குப் போவதையும் பொலிஸில் முறைப்பாடு செய்யப் போவதையும் யாராவது மறித்தால் அதுவே ஒரு குற்றம் என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அப்படி ஒரு சட்டம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அக்கா பொலிஸ் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“மகன் மேல போடுங்க. அண்ணன் மேல வேணாம். எங்களுக்கு எல்லாம் செஞ்ச மனுசன்.”

பொலிஸ் அம்மா மகளைப் பார்த்தார்.

“அம்மா, அவன் கொஞ்ச நேரம்தான் என்னை மறிச்சான்,” என்றாள் அவள். “மாமா பொழுதெல்லாம் மறிச்சாரு. என்னைப் பாத்துக்கிட்டே மறிச்சாரு. எனக்கு மருந்து வேணும்னு தெரிஞ்சே மறிச்சாரு. எழுதட்டும்.”

எழுதினார்கள்.

மகனை மொனராகலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிடித்தார்கள். அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது. மாமனை லயத்திலேயே வந்து கொண்டுபோனார்கள். கொஞ்ச காலம் ரிமாண்டில் இருந்துவிட்டு வெளியே வந்தார். தோட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

“உக்காந்ததுக்குக் கேஸா? நிக்கிறதுக்கும் கேஸ் போடுவானுகளா?”

“நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வாசல்ல உக்காந்தா நானும் போலீசுக்குப் போயிருவேன்.”

“உன் வீட்டுக்காரரு உக்காரவா செய்றாரு? படுத்துல்ல கெடக்குறாரு.”

சிரிப்பார்கள். ஆனால் அக்காவிடம் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. கோயில் வரியை அவளிடம் வாங்க மறுத்தார்கள். வரி வாங்காவிட்டால் திருவிழாவில் பூசைத் தட்டு கிடையாது. ஊரில் இல்லாத குடும்பம் என்று பொருள். ஆட்டோக்காரர்கள் அக்காவை ஏற்றுவதில்லை. ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து ஏறினாள். மாமன் பெண்சாதி ஒரு நாள் வந்து அக்கா காலில் விழுந்தாள். அடுத்த நாள் வந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

அவள் கார்மெண்டுக்குப் போனாள். காலையில் குடை பிடித்துக்கொண்டு அந்த ஆட்டோக்களுக்கு முன்னால் நடப்பாள். பையன்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். தவணைக்குத் தவணை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிக்க ரத்தம் கொடுத்தாள். கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு பார்சல் கொத்துரொட்டி வாங்கி வந்தாள்.

“இதுக்கு மேல எதுக்கும்மா கோர்ட்டு?” என்று கேட்டேன். “மருந்து எடுத்தாச்சு. ஒடம்பும் சரியாயிருச்சு. மகன் கேஸ் போதாதா?”

“அடுத்து ஒரு புள்ளைய இப்படி ஒரு வாசல்ல உக்கார வைப்பாங்க சித்தி. அவளுக்குப் பக்கத்துல ஒரு மலை இருக்குமோ என்னவோ.”

நான் கொத்துரொட்டிப் பார்சலைப் பிரித்து வைத்தேன்.

மாமன் கேஸ் பதுளைக் கோர்ட்டில். பல தவணை போனது. ஒவ்வொரு தவணைக்கும் அதே பஸ், கோர்ட்டில் உட்கார அதே மர வாங்கு. நானும் சாட்சி சொன்னேன். நாற்காலி இருந்தது, கால் நீட்டியிருந்தது, கதவு ஒன்றுதான். பார்த்ததைச் சொன்னேன், இறங்கினேன்.

அக்கா கூண்டில் ஏறியபோது மாமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் கேட்டார். உங்கள் புருஷன் இறந்த பிறகு குடும்பத்தைப் பார்த்தது யார்?

“அண்ணன்.”

மகளுக்குச் சடங்கு செய்தது யார்?

“அண்ணன்.”

அப்படிப்பட்டவர் கெடுதல் நினைப்பாரா?

அக்கா சேலை நுனியை விரலில் சுற்றினாள். நான் பயந்துவிட்டேன். இந்த இடத்தில் அவள் விட்டுக்கொடுத்தால் எல்லாம் போய்விடும். அவள் மகள் வாங்கில் நேராக உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா தன் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்று கீழே பார்த்தாள்.

“அண்ணன் எல்லாம் செஞ்சாருங்க,” என்றாள் அக்கா. “அது அது. இது இது. என் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டுச்சு. அவரு விடல.”

சொல்லிவிட்டு இறங்கினாள். மாமன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகளை அதே வக்கீல் நிறைய நேரம் கேட்டார். நீ கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய் அல்லவா?

“போனேன்.”

நேரத்துக்குப் போய்விட்டாய். மருந்தும் கிடைத்தது. அப்படியானால் இவர் உன்னை என்ன தடுத்தார்?

“நான் போனது அவரு விட்டதால இல்லீங்க.”

அவர் உன் மேல் கை வைத்தாரா?

“இல்ல.”

பூட்டினாரா?

“பொழுது சாஞ்ச பொறகு பூட்டினாரு. அதுக்கு முந்திப் பூட்டத் தேவையில்லாம இருந்துச்சு. அவரு என் தாய்மாமன். அவரு கால் நீட்டினா நாங்க தாண்ட மாட்டோம். அது அவருக்கும் தெரியும். அதனாலதான் நீட்டினாரு.”

மொழிபெயர்ப்பவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

மாமனும் பேசினார். “ஐயா, நான் ஒரு வார்த்த ஏசல. குடும்ப மானத்துக்காக உக்காந்தேன். எங்க ஆளுங்க வழக்கம் அது.” அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார்.

தீர்ப்பு நாளில் நாங்கள் முதல் பஸ்ஸில் போனோம். மலைப் பெண்களில் சிலரும் வேலைக்குப் போகாமல் வந்தார்கள். கங்காணி வந்தார், குடையோடு. மாமன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவள் வேலைக்குப் போகும் உடுப்பில் வந்தாள். முடிந்ததும் அரை நாள் வேலைக்குப் போக வேண்டுமாம்.

நீதிபதி நிறையப் படித்தார். எங்களுக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பவர் சுருக்கிச் சொன்னார். அந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை. அவள் வைத்தியத்துக்குத்தான் போகிறாள் என்று எதிரிக்கு, அதாவது மாமனுக்கு, தெரியும். தெரிந்தே மறித்திருக்கிறார். அவள் துணிச்சலால் தப்பிப் போனதை வைத்து அவர் மறிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வழக்கம் என்பது சட்டத்துக்குப் பதில் ஆகாது. குற்றவாளி.

மாமன் பெண்சாதி ஓவென்று அழுதாள். அக்காவும் அழுதாள். அது அவள் அண்ணன்.

மகள் எழுந்து நின்றாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். மொழிபெயர்ப்பவர் தண்டனையைச் சொன்னார்.

இரண்டு வருடம்.